லிஃப்ட்காரரின் எட்டு நிமிடங்கள்

வலது காதில் மோட்டார், இடது காதில் சிரிப்பு. பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறையில், கவிழ்த்துப்போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டு லிஃப்ட்காரர் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கிறார். மோட்டாரில் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஏழாவது மாடியைத் தாண்டும்போது மட்டும் தொண்டையைச் செருமுகிறது. கொஞ்சம் கிரீஸ் போதும். சிரிப்பில்தான் என்னவோ சரியில்லை. சட்டைப்பையில் இருக்கும் சின்ன ரெக்கார்டரைப் பின்னுக்கு ஓட்டி, அதே நாற்பது விநாடியை ஆறாவது முறையாகக் கேட்கிறார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, எதிரே சுழலும் இரும்புச் சக்கரத்தைப் பார்த்து, "இதுல என்னய்யா இருக்கு?" என்கிறார்.

மடியில் எண்ணெய்க் கறை படிந்த சர்வீஸ் நோட்டு. முன்பக்கத்திலிருந்து புரட்டினால் எந்த லிஃப்டுக்கு என்றைக்கு எதை மாற்றினார் என்ற விவரம். தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புரட்டினால் அவருடைய ஜோக்குகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு குறி. மூக்கு வழியாக மட்டும் வரும் சிரிப்புக்குப் புள்ளி. வாய் திறந்த சிரிப்புக்குக் கோடு. பேச்சை நிறுத்திக் காத்திருக்க வைக்கும் சிரிப்புக்கு வட்டம். வட்டம் என்பது ஏழு வருடங்களில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சங்கதி. இப்போது இரண்டு மாதமாக ஒரே வரிக்கு எதிரே வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருக்கிறது. அந்த வரியில் ஜோக்கே இல்லை. அதுதான் அவருக்கு வந்திருக்கும் தலைவலி.

"பழுதுன்னா கண்டுபிடிச்சிடுவேன். இது நல்லா ஓடுது. ஓடுறதை எப்படி ரிப்பேர் பண்றது?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்கிறார்.

வயது நாற்பத்தெட்டு. நல்ல உயரம், தணிந்த கதவுகளுக்குள் நுழைந்து பழகியதால் விசாலமான வாசலிலும் தலையைக் குனிந்துதான் நுழைவார். பகலில் லிஃப்ட் மெக்கானிக். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மெத்தைக்கடையின் மாடியில் மைக்கைப் பிடித்துத் தனியாக நின்று ஊரைச் சிரிக்கவைக்கும் வேலை. இரண்டுக்கும் ஒரே சட்டைதான். பையில் குத்தியிருக்கும் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "எடுத்தா ஒரு பக்கமா சாஞ்சுடுவேன்" என்பார். சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை என்பதால், அது ஜோக்கா நிஜமா என்று கேட்டவர்தான் முழிக்க வேண்டும்.

இந்தச் சிரிக்கவைக்கும் தொழிலுக்குள் அவர் வந்தது ஒரு மூடிய கதவின் வழியாக. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண், மூச்சு வாங்கிக்கொண்டு, கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோயிருந்தார். மாற்ற வேண்டிய பாகம் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும். லிஃப்ட்காரர் கதவிடுக்கில் வாயை வைத்துப் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தார். மச்சினன் சைக்கிள் ஓட்டப் பழகிய கதை, தன் கல்யாணத்தன்று தைத்து வந்த சட்டை வேறு யாருடையதோவாக இருந்த கதை என்று என்னென்னவோ சொன்னார். இருபதாவது நிமிடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கதவைத் திறந்தபோது அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் பத்து நிமிஷம் கழிச்சே திறந்திருக்கலாம்" என்றார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர். வியாழக்கிழமைகளில் மெத்தைக்கடை மாடியில் மேடையேறுகிறவரும்கூட. அடுத்த வாரமே லிஃப்ட்காரரைப் பிடித்து இழுத்துப்போய் மைக்கின் முன்னால் நிறுத்திவிட்டார் கணக்கு டீச்சர்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கற்றுக்கொண்ட வித்தை என்பதால், லிஃப்ட்காரருக்கு எல்லாம் காதுதான். மேடையில் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். கூரையில் இருக்கும் டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார். "முகத்தைப் பார்த்தா ஏமாந்துடுவேன். சிரிக்கிற மாதிரியே உட்கார்ந்துக்கிட்டு, வீட்டுல அடுப்பை அணைச்சோமான்னு யோசிச்சுக்கிட்டிருப்பாங்க" என்பது அவர் கட்சி. வீடியோ எடுத்துத் தரட்டுமா என்று யாராவது கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். அந்த மாடி அறையில் பாதி இடத்தை பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள் அடைத்துக்கொண்டிருக்கும்; நாற்பது நாற்காலிகள் நிரம்பியதும், பிந்தி வருகிறவர்கள் மெத்தையின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். மெத்தை சிரிப்பைக் குடித்துவிடும் என்று கண்டுபிடித்தவர் லிஃப்ட்காரர்தான். ரெக்கார்டரில் கேட்கும் சிரிப்போடு காலே அரைக்கால் பங்கு சேர்த்துக்கொள்வார்.

அவருடைய பெரிய கதை, அவரே லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை. மச்சினன் புது வீட்டுக்குக் குடிபோன நாளில் உண்மையாகவே நடந்தது. இரண்டு வருடமாக இழைத்து இழைத்து அதை எட்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். லிஃப்ட் நின்றுவிடுகிறது. கதவு அசையவில்லை. எல்லா வித்தையும் செய்து பார்க்கிறார். "கதவு அசையல. இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் எனக்கு. அதுக்குத் தெரியல." பிறகு அந்த வரி வரும்: "வெளியே என் மனைவி நின்னுக்கிட்டிருந்தா." இது சும்மா தகவல். கடைசியில் மனைவி பேச வேண்டும்; அதனால் அவள் அங்கே நிற்கிறாள் என்று முன்னாலேயே சொல்லி வைக்கிறார், அவ்வளவுதான். பிறகு லிஃப்டுக்குள் இருக்கும் அவசரப் போனை எடுக்கிறார். அந்த அழைப்பு, அன்றைக்கு டியூட்டியில் இருக்கும் மெக்கானிக்கின் செல்போனுக்குப் போகும். இவர் சட்டைப்பையிலேயே மணி அடிக்கிறது.

"எடுத்தேன். 'ஐயா, பதட்டப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கு'ன்னேன். 'எவ்வளவு நேரம் ஆகும்?'னு கேட்டேன். 'அரை மணி'ன்னேன். எனக்கே நம்பிக்கை வரல. வெளியேயிருந்து என் மனைவி, 'யார்கிட்ட பேசுறீங்க?'ன்னா. 'கம்பெனியில'ன்னேன். 'என்ன சொல்றாங்க?'ன்னா. 'ஆள் நல்லவராத்தான் தெரியுது. ஆனா வர மாட்டாரு'ன்னேன்."

முடிவு அது. முன்பெல்லாம் எப்போதாவது வட்டம் விழுந்தால் கடைசி வரியில்தான். இப்போது வட்டம் அங்கிருந்து கிளம்பி, 'வெளியே என் மனைவி நின்னுக்கிட்டிருந்தா' என்ற வரியில் போய் உட்கார்ந்துவிட்டது. அறையே குலுங்குகிறது. அந்தச் சத்தத்தின் மேலேயே அவர் போன் கதையைப் பேசிக்கொண்டு போவதால், பாதி யாருக்கும் கேட்பதில்லை. கடைசி வரிக்குக் கோடுதான் கிடைக்கிறது.

இதை ஒரு வேடிக்கை என்று விட்டுவிடலாம். விட முடியாதபடி ஒரு கடிதம் வந்தது. ஆறு நகைச்சுவையாளர்களைப் பொறுக்கியெடுத்து, கேமரா வைத்துப் படம்பிடித்து, இணையத்தில் போடப்போகிற நிறுவனம் ஒன்று லிஃப்ட்காரரையும் கூப்பிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு. ஆளுக்கு எட்டு நிமிடம். ஏழாவது நிமிடம் மஞ்சள் விளக்கு, எட்டாவது நிமிடம் சிவப்பு விளக்கு. சிவப்புக்குப் பின்னால் பேசுவதை வெட்டிவிடுவார்கள். அவர் கதை ஏழு நிமிடம் ஐம்பது விநாடி. பேர் தெரியாத அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்தால், கடைசி வரி சிவப்புக்கு அந்தப் பக்கம் போய் விழும். ஏழு வருடத்தில் பதிவான அவர் குரல் அவர் சட்டைப்பையைத் தாண்டிப் போனதில்லை. இதுதான் முதல் தடவை.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் மெத்தைக்கடையின் மாடிப்படியில் மேடையேறுகிறவர்கள் உட்கார்ந்து தொழில் பேசுவார்கள். அவர்கள் தலையில் இந்தப் பஞ்சாயத்தைத் தூக்கிப் போட்டார் லிஃப்ட்காரர். அவர்களில் ஒருவரான பல் டாக்டருக்கு முப்பது வயது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவதால் தன் ஜோக்குகளில் அசாத்திய நம்பிக்கை உள்ளவர்.

"அண்ணே, பொண்டாட்டின்னு சொன்னாலே சிரிப்பாங்க. இதுக்குப் போய் ஆராய்ச்சி பண்றீங்களே" என்றார்.

அடுத்த வியாழன் லிஃப்ட்காரர், மனைவியை எடுத்துவிட்டு, "வெளியே என் மச்சினன் நின்னுக்கிட்டிருந்தான்" என்று சொல்லிப் பார்த்தார். ஒரு புள்ளிகூட விழவில்லை. பல் டாக்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த வியாழன், மனைவியை முதல் நிமிடத்திலேயே கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். அதற்கும் சத்தமில்லை. ஐந்தாவது நிமிடத்தில் அதே மனைவி லிஃப்டுக்கு வெளியே வந்து நின்றதும் அறை வெடித்தது. பல் டாக்டர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, "அப்ப அது வேற மனைவி மாதிரி எடுத்துக்குறாங்க போல" என்றார்.

கணக்கு டீச்சர் இடைவெளிதான் காரணம் என்றார். வரிக்கு முன்னால் அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் சனங்கள் எதையோ எதிர்பார்க்கிறார்களாம். லிஃப்ட்காரர் இடைவெளியை நீட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். நீட்டினாலும் வட்டம், குறைத்தாலும் வட்டம். மெத்தைக்கடைக்காரர், நிகழ்ச்சியைத் தொகுத்து நடத்துகிறவர் அவர்தான், அது முந்தைய வரியின் சிரிப்பு என்றும் மெத்தை காரணமாகத் தாமதமாகக் கிளம்புகிறது என்றும் சொன்னார். லிஃப்ட்காரர் 'கதவு அசையல' என்பதை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். வட்டம் கோடாக இறங்கியது; ஆனால் போகவில்லை. நோட்டில் எழுதி எழுதி அவருக்குத் தலை கிறுகிறுத்தது. ஒயரை எங்கே பிடுங்கினாலும் விளக்கு எரிகிற வீடு மாதிரி இருந்தது.

கேட்டிருக்க வேண்டியது பார்த்தவர்களை. மேடையில் ஒருவர் பேசும்போது மற்ற நகைச்சுவையாளர்கள் அவரைப் பார்ப்பதே இல்லை. பின்சுவர் ஓரமாக நின்று, உள்ளங்கையில் எழுதிய தங்கள் வரிகளை உதடசையப் படித்துக்கொண்டிருப்பார்கள். மெத்தைக்கடைக்காரரின் கண் கைக்கடிகாரத்தில் இருக்கும். லிஃப்ட்காரர் ஒரே ஒரு முறை, படியிறங்கிப் போன பார்வையாளர் ஒருவரை ஓடிப்போய் நிறுத்தி, "என் மனைவி வெளியே நின்னதுக்கு நீங்க ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்டார். ஆறடி உயரத்தில் ஒரு மனிதர் ஸ்க்ரூடிரைவரோடு வந்து இப்படிக் கேட்டால் யார்தான் என்ன செய்வார்கள்? அவர் கைகூப்பி, "மன்னிச்சுடுங்க சார், தெரியாம சிரிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு நாலு நாலு படியாக இறங்கிப் போய்விட்டார்.

கதையில் வெளியே நிற்கும் மனைவி, நிஜத்தில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே மேல்தட்டுப் புத்தகத்தை எடுக்க ஏறியபோது ஏணி சறுக்கி, மூன்று மாதத்துக்கு முன்னால் முழங்கால் சில்லு பிசகிவிட்டது. இப்போது தடி ஊன்றி நடக்கிறார். அதுவரை இருவரும் மூன்றாவது மாடி வீட்டுக்குப் படியேறித்தான் போவார்கள்; நாள் முழுக்க லிஃப்டோடு மாரடிக்கிறவருக்கு வீட்டிலும் அதன் முகத்தில் விழிக்கப் பிடிக்காது. முழங்கால் போனதிலிருந்து லிஃப்ட்தான். அந்தக் கட்டடத்து லிஃப்டின் கதவு அவசரக்குடுக்கை. ஆள் ஏறினாரா இல்லையா என்று பார்க்காமல் மூடிக்கொள்ளும். லிஃப்ட்காரர் முதலில் உள்ளே போய், இடது உள்ளங்கையைக் கதவின் விளிம்பில் வைத்து, அரை அடி பின்னால் ஒதுங்கி நிற்பார். தடி வரும், நல்ல கால் வரும், பிறகு மற்றக் கால் வரும். அத்தனை நேரமும் அவர் வாய் வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும். கை அதுபாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். தினம் நாலு தடவை.

வீட்டில் ஜோக்கை முதலில் கேட்பவர் இந்த அம்மாதான். சமையலறை வாசலில் நின்று, இடது கையில் சர்வீஸ் நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு லிஃப்ட்காரர் சொல்லுவார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே மனைவி "ம்" என்பார். குறுகிய 'ம்' வந்தால் வரியை அடித்துவிட வேண்டும். நீண்ட 'ம்' வந்தால் வியாழக்கிழமைக்கு எடுத்துப்போகலாம். நிகழ்ச்சிக்கு மட்டும் அந்த அம்மா வருவதில்லை. முதல் வருடம் ஒரு முறை போனபோது, அறையில் இருந்த எல்லாரும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு சரி.

கடைசி வியாழன், ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கையில், லிஃப்ட்காரர் மனைவியிடம் வந்து நின்றார். "நீ வா. கண்ணை மூடிக்கிட்டுக் கேளு. எங்க இடிக்குதுன்னு உன் காதுக்குத் தெரிஞ்சுடும்" என்றார். கண்ணை ஏன் மூட வேண்டும் என்று மனைவி கேட்டதற்கு, திறந்திருந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்றார்.

மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலி. தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, சொன்ன சொல் மாறாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் நின்றது. கதவு அசையவில்லை. வெளியே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள் என்ற குரல் வந்தது. அறை குலுங்கியது. பக்கத்து நாற்காலிக்காரி சிரித்துச் சரிந்து இவர் தோளில் இடித்ததில் கண் திறந்துகொண்டது.

மேடையில் அவர் கணவர் டியூப்லைட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார். வலது கையில் மைக். இடது கை பக்கவாட்டில் நீண்டு, அங்கே இல்லாத ஒரு கதவின் விளிம்பில் உள்ளங்கையைப் பதித்திருந்தது. உடம்பு அரை அடி பின்னால் ஒதுங்கி வழிவிட்டிருந்தது. ஐந்து நிமிடமாக என்ன செய்தும் அசையாத கதவு. அதன் உள்ளே மாட்டிக்கொண்ட மனிதர். மனைவி வெளியே நிற்கிறாள் என்றதும், அவள் ஏறுகிற வரைக்கும் கதவு மூடிவிடாதபடி பிடித்துக்கொண்டு நிற்கிறார். சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் முகத்தில் குழப்பம் ஏறியது. சிரிப்பின் மேலேயே அவசரமாகப் போன் கதையைத் தொடங்கினார். கை கீழே இறங்கிவிட்டது. இறங்கியதும் அவருக்குத் தெரியாது.

மனைவி சிரிக்கவில்லை. மடியில் கிடந்த தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் விசாரணை. எங்கே பழுது என்று கேட்டார். பழுது ஒன்றும் இல்லை என்றார் மனைவி. அப்படியானால் ஏன் சிரிக்கிறார்கள்?

"சிரிக்கட்டுமே. அவங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் பேசாம நில்லுங்க. நீங்கதான் மேல விழுந்து பேசுறீங்க."

"நான் செஞ்ச சிரிப்பு இல்லையே அது. எப்படி நின்னு வாங்கிக்கிறது?"

 நேரம் போதாதே என்று லிஃப்ட்காரர் அடுத்த கவலைக்குப் போனதும், மனைவி, ஆரம்பத்தில் வரும் ஸ்க்ரூடிரைவர் கதையை எடுத்துவிட்டால் முப்பது விநாடி மிச்சம் என்றார்.

"அது வட்டம்" என்று பதறினார் லிஃப்ட்காரர்.

"கோடு. நான் நோட்டைப் பார்த்தேன்."

மேடையில் கண்டதைச் சொல்லிவிட மனைவிக்கும் நாக்கு வரை வந்தது. ஆனால் இந்த மூன்று மாதத்தில் அவர் ஒன்று கற்றிருந்தார். நடைப் பயிற்சி கொடுக்கிற பெண், எந்தக் காலை எப்போது வைக்கிறோம் என்று கவனித்து நடங்கள் என்று சொன்ன அன்றைக்குத்தான் அவர் நாலே படியில் தடுமாறி உட்கார்ந்தார். கவனிக்காத வரை கால் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மெத்தை இல்லாத பெரிய மண்டபம், மூன்று கேமரா. இரண்டு மணிக்கு ஒத்திகை. காதில் ஹெட்போன் மாட்டிய மேற்பார்வையாளப் பெண் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்த்து, லிஃப்ட்காரரிடம் மைக்கை இடது கையில் பிடிக்கச் சொன்னார். வலது பக்கக் கேமராவுக்கு முகம் மறைகிறதாம். அவரும் சரி என்று மாற்றிப் பிடித்தார். எதிரே கேமராக்காரர்கள், விளக்குப் போடுகிறவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஆறு பேரில் ஒருவராக வந்திருந்த பல் டாக்டருக்கு நன்றாகவே சிரித்தவர்கள். லிஃப்ட் நின்றது, கதவு அசையவில்லை, வெளியே மனைவி நின்றுகொண்டிருந்தாள். மண்டபத்தில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கீழே இறங்கி வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை நாள் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்தவருக்கு, இப்போது ஏன் சிரிக்கவில்லை என்றும் தெரியவில்லை. வேலையாட்கள் என்றைக்குச் சிரித்தார்கள் என்று கூட வந்திருந்த கணக்கு டீச்சர் சமாதானம் சொன்னது காதில் ஏறவில்லை. ரெக்கார்டரை ஓட்டிக் கேட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதே ஏற்றம், அதே இறக்கம். நோட்டைப் புரட்டி, மச்சினன் சைக்கிள் பழகிய பழைய கதையைத் தேட ஆரம்பித்தார். "லிஃப்ட் கதை செத்துப் போச்சு. இன்னிக்கு வேணாம்" என்றார்.

பின்வரிசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி எழுந்தார். தடியை ஊன்றி ஊன்றி மண்டபத்தின் முழு நீளமும் நடந்து மேற்பார்வையாளப் பெண்ணிடம் போனார்.

"கொஞ்சம் கேளும்மா. அவருக்கு இடது தோள்ல வலி. மைக்கை வலது கையிலயே பிடிச்சுக்கட்டும். இல்லேன்னா நடுவுல கை நடுங்கும்."

அந்தப் பெண் தடியையும் தோளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேமராவை வேண்டுமானால் நகர்த்திக்கொள்கிறோம் என்றார். பின்னாலேயே வந்து நின்ற லிஃப்ட்காரர் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எனக்கு எங்க வலிக்குது?"

"அதை விடுங்க. லிஃப்ட் கதையே சொல்லுங்க."

"சிரிப்பு போயிடுச்சே."

"வரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெளியே நின்னது நான்தானே" என்றார் மனைவி.

நான்கு மணிக்கு மண்டபம் நிறைந்தது. மூன்றாவது ஆளாக லிஃப்ட்காரரைக் கூப்பிட்டார்கள். தலையைக் குனிந்தபடி மேடைக்குள் நுழைந்தார். மைக்கை வலது கையில் எடுத்துக்கொண்டு, பார்க்க டியூப்லைட் இல்லாததால் கூரையில் தொங்கிய ஏதோ ஒரு கம்பியைப் பார்த்துப் பேசினார். ஸ்க்ரூடிரைவர் கதை இல்லை. லிஃப்ட் நின்றது. கதவு அசையவில்லை. வெளியே என் மனைவி நின்னுக்கிட்டிருந்தா என்றார்.

சிரிப்பு முன்வரிசையில் தொடங்கி மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய் இடித்துத் திரும்பி வந்தது. குடித்துவிட அங்கே மெத்தை இல்லை. அவர் வாயைத் திறந்தார்; மனைவி சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். வேறு யாருக்கோ வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறவரைப் போல, ஒன்றும் புரியாமல், அந்தச் சிரிப்பு முழுவதும் ஓய்கிற வரைக்கும் நின்றார். பிறகு போனை எடுத்தார். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையும் கடைசி வரிசைக்குக் கேட்டது. 'ஆனா வர மாட்டாரு' என்று முடித்தபோது மஞ்சள் விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது.

மண்டபத்து வாசலிலேயே நின்று ரெக்கார்டரைக் கேட்டுவிட்டார். நோட்டில் ஒரே பக்கத்தில் இரண்டு வட்டம். கடைசி வரிக்கு எதிரே இருந்த வட்டத்தை இரண்டு தரம் சுழித்து அழுத்தினார். மற்றதற்குப் பக்கத்தில், வழக்கம்போல, ஒரு கேள்விக்குறி.

வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். வண்டியில் தொடங்கிய பேச்சு கட்டடத்து வாசலிலும் ஓயவில்லை. டீச்சர் சொன்ன இடைவெளியாகவே இருக்குமோ? பெரிய மண்டபத்தில் சத்தம் சுவரில் இடித்துத் திரும்புவதில் ஏதாவது இருக்குமோ? அப்படியானால் மெத்தைக்கடையில் எப்படி வந்தது? மனைவி தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தார். லிஃப்ட் கீழே வந்து நின்றது. லிஃப்ட்காரர் முன்னால் உள்ளே போனார்.

"அது போகட்டும். தோள் வலின்னு எதுக்குச் சொன்னே? அதாவது சொல்லேன்" என்று கேட்டுக்கொண்டே, இடது உள்ளங்கையைக் கதவின் விளிம்பில் வைத்து, அரை அடி பின்னால் ஒதுங்கி நின்றார்.